கரண்டியைத் திருப்பிப் பார்

வெள்ளி விஷயத்தில் என்னை ஏமாற்ற இந்த ஊரில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். பனி விட்டு மே மாதம் பிறந்ததும் வியாழக்கிழமை காலைகளில் ஊரே கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, பழைய சாமானைப் பரப்பிக்கொண்டு விற்க உட்கார்ந்துவிடும். மேஜை முழுக்கக் கரண்டியாகக் கிடந்தாலும் எது வெள்ளி, எது முலாம் என்று கண்ணாடி போடாமலே சொல்வேன். முலாம் பூசியது நாலு வருஷம் புழங்கினால் பல்லை இளித்துவிடும், அடியில் மஞ்சள் தெரியும். வெள்ளி எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளேயும் வெள்ளிதான். அப்படியும் சந்தேகம் என்றால் திருப்பிப் பார்க்க வேண்டும். முதுகில் முத்திரை இருக்கும்.

ஆனால் மூன்று வருஷமாக நான் தேடியது ஒரே ஒரு கரண்டியை. எங்கள் அம்மா விருந்துக்கு மட்டும் எடுக்கிற பெரிய வெள்ளிக் கரண்டி. விருந்துக்கு மட்டும் என்று பேர்தான். அம்மாவுக்கு வாரம் மூன்று விருந்து.

அம்மாவை அடக்கம் செய்த அன்று சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாடு. வழக்கம்போல ஆளுக்கொரு பாத்திரம், மாறிப்போகாமல் அடியில் டேப்பில் பெயர் ஒட்டி, கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால் அந்தக் கரண்டியைக் காணோம். என் அக்கா பெர்னடினுக்கு வாயை அடக்கத் தெரியாது. அத்தனை பெண்கள் கூடியிருக்கிற இடத்தில் என் மருமகள் மரீட்டாவைக் காட்டி, "கடைசியா அது இவ கையிலதான் இருந்துச்சு. அம்மாவோட வெள்ளி மேல இவளுக்கு எப்பவுமே ஒரு கண்ணு" என்று நாக்கின் மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிட்டாள்.

மரீட்டா தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். படியேறிப் போனாள். அதற்குப் பிறகு அந்தச் சர்ச் பக்கம் வரவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு பெர்னடின் வருகிறாள் என்றால் மரீட்டா வரமாட்டாள். இப்போது என் பேத்திக்கு ஞானஸ்நானம் வைக்க வேண்டும். வேறு ஊர் சர்ச்சில் வைத்துக்கொள்கிறோம் என்கிறாள். அவள் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? ஊருக்கு அவள் கரண்டித் திருடி.

போன வியாழக்கிழமை ஹார்லன் வீட்டில் விற்பனை. மனைவி லவோன் தவறிப்போன பிறகு அந்த மனுஷன் சமையலறையைத் தொட்டதில்லை. இப்போது மகள் வீட்டுக்குக் குடிபோகிறார், எல்லாவற்றையும் வெளியே கொட்டியிருந்தார். எனக்கு முன்னாலேயே அங்கே ட்வைலா நின்றிருந்தாள். பக்கத்து ஊரில் பழம்பொருள் கடை வைத்திருப்பவள். என் ஜென்மப் பகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன ஆர்லிஸ், தூங்கி எழுந்து நிதானமா வரே? நல்லதெல்லாம் போயாச்சே!"

"உன் கண்ணுக்குப் பட்டதுதானே போயிருக்கும். மிச்சம் எனக்குப் போதும்."

அவள் கையில் ஒரு காபி டின். அதற்குள் கறுத்துப்போன கரண்டிகள். ஒவ்வொன்றாக உருவி, முதுகைப் பார்த்து, திரும்ப எறிந்துகொண்டிருந்தாள். ஒரு பெரிய கரண்டியை உருவினாள்.

நுனியின் வலது ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. வலது கையால் சட்டியைச் சுரண்டுகிறவர்கள் கரண்டி இடது ஓரத்தில்தான் தேயும். எங்கள் அம்மா இடது கைக்காரி. கடைசிப் பருக்கை வரை சுரண்டாமல் விடமாட்டாள்.

கராஜ் விற்பனையில் ஒரு சட்டம் உண்டு. எழுதாத சட்டம். ஒருத்தர் கையில் இருக்கிற பொருளை இன்னொருத்தர் தொடக்கூடாது, விலை கேட்கக்கூடாது, ஆசையாகப் பார்க்கவும் கூடாது. நான் ஒரு உடைந்த டோஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு, உலகத்திலேயே அதைவிட அழகான டோஸ்டர் இல்லை என்பதுபோல் உருட்டி உருட்டிப் பார்த்தேன்.

ட்வைலா கரண்டியைத் திருப்பினாள். முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் காகித டேப், கரண்டியைப்போலவே கறுத்துப்போய் ஒட்டியிருந்தது.

"சே! சர்ச் சமையலறைச் சாமான்" என்று டின்னிலேயே போட்டுவிட்டு விளக்குகள் பக்கம் போனாள். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டியிருந்தால் தெரிந்திருக்கும். முன்பக்கத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்: அவ்வளவு தேய்ந்தும் ஒரு பொட்டு மஞ்சள் தெரியவில்லையே! முத்திரையை மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் கதி அதுதான்.

டோஸ்டரைப் போட்டேன், டின்னோடு அள்ளினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். டேப்பில் பேனா எழுத்து மங்கித் தெரிந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. டேப்பை நான் உரிக்கவில்லை. உரிப்பேனா!

"ஹார்லன், இந்தப் பெரிய கரண்டி உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"அதுவா? உங்க அம்மா சாவுச் சாப்பாட்டுக்கு லவோன் உருளைக்கிழங்கு செஞ்சு எடுத்துட்டு வந்தா இல்ல? மிச்சத்தோட பாத்திரம் திரும்பி வந்தப்ப அதுக்குள்ளயே கிடந்துச்சு. அந்த வாரமே அவ படுத்துட்டா. நான் கழுவி இதுல போட்டேன்."

"பின்னாடி பேர் எழுதியிருக்கே, பார்க்கலையா?"

"கரண்டியை யாராவது திருப்பிப் பார்ப்பாங்களா?" என்றார். ஆண்பிள்ளை வேறென்ன சொல்வார்!

நேரே பெர்னடின் வீட்டுக்கு விட்டேன் வண்டியை. அவள் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கரண்டியை முகம் மேலே பார்க்க மேஜையில் வைத்தேன்.

"கடவுளே, அம்மாவுது!" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "ஆக, வித்துட்டாளா அவ?"

"திருப்பிப் பாருடி."

மாவுக் கையோடு திருப்பினாள். டேப்பில் இருந்தது அவள் பெயர். அவள் கையெழுத்து. விருந்துக்குக் கொண்டுபோகிற பாத்திரம், கரண்டி எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டாள்.

முகம் செத்துப்போயிற்று. மெதுவாக உட்கார்ந்தாள்.

"லவோன் கரண்டி கொண்டுவர மறந்துட்டேன்னு நின்னா, ஆர்லிஸ். நான்தான் இதை எடுத்து அவ பாத்திரத்துல போட்டேன். தொலைஞ்சுடக் கூடாதேன்னு பேரும் ஒட்டினேன். அன்னிக்கு இருந்த இருப்புல எனக்கு ஒண்ணுமே நினைவுல நிக்கலை."

"மரீட்டா பேரு மட்டும் நினைவுல நின்னுச்சே!"

பெர்னடின் கரண்டியை என் பக்கம் தள்ளினாள். "இதை அவகிட்டயே கொடுத்துடு. அவளே வச்சுக்கட்டும். அதோட விடு" என்றாள்.

"நான் ஏன் கொடுக்கணும்? கையைக் கழுவிட்டு வண்டியில ஏறு."

மரீட்டா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பெர்னடினைக் கண்டதும் கதவைப் பாதியில் நிறுத்தினாள். பெர்னடின் நடந்ததைச் சொன்னாள். தப்பு என்னுது என்றும் சொன்னாள், அதை மறைக்கவில்லை. கரண்டியை நீட்டினாள்.

"உனக்குத்தான். அம்மா இருந்திருந்தா உனக்குத்தான் கொடுத்திருப்பா."

மரீட்டா கையை நீட்டவில்லை. "எனக்குக் கரண்டி வேணாம், பெர்னடின். அன்னிக்கு யார் முன்னாடி சொன்னீங்களோ, அவங்க முன்னாடி சொல்லுங்க."

"அத்தனை பேர் முன்னாடியா?"

"அத்தனை பேர் முன்னாடிதானே சொன்னீங்க."

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன். குழந்தை நசுங்கிக் கத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கீழே காபி. மரீட்டா படியிறங்கி வந்ததும் பேச்சு அப்படியே நின்றது. குழந்தையோடு நடுவில் வந்து நின்றாள். பெர்னடின் எழுந்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் உதவிக்குப் போகவில்லை.

"அம்மாவோட கரண்டியை மரீட்டா எடுக்கலை. லவோன் பாத்திரத்துல போட்டு அனுப்பினது நான். மறந்துட்டு இவ மேல பழி போட்டதும் நான்தான்."

குரல் அவள் மேஜையைத் தாண்டவில்லை. சொல்லிவிட்டு அவசரமாக உட்காரப் போனாள்.

"கடைசி மேஜைக்குக் கேட்கலை, பெர்னடின்" என்றாள் மரீட்டா. "அன்னிக்கு அவங்களுக்கும் நல்லாக் கேட்டுச்சு."

பெர்னடின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். முதல் வார்த்தையிலிருந்து, கடைசி மேஜைக்குக் கேட்கும்படி, மறுபடியும் சொன்னாள்.