பிஸ்கட் தின்ற கேரட்

வெர்னா ரிமோட்டை அமுக்குவதற்குள் கட்டிலிலிருந்து ஒரு விரல் எழுந்தது.

"மாத்தாத."

காலையிலிருந்து அண்ணன் டெல்மர் பேசிய முதல் வார்த்தை அது. பழைய தொடர்களை மட்டும் போடும் சேனலில் ஷெரிஃப் கதை ஆரம்பித்திருந்தது. கறுப்பு வெள்ளைப் பனி, மலைப்பாதை, ஷெரிஃப், அவருடைய குதிரை பிஸ்கட். பாதையைப் பார்த்ததுமே வெர்னாவுக்கு எந்தக் கதை என்று தெரிந்துவிட்டது. எத்தனையோ வாரத்துக் கதை இருக்க, இதையா இன்றைக்கு எடுக்க வேண்டும்? இதில்தான் பிஸ்கட் சாகும்.

டெல்மரைப் பொறுத்தவரை பிஸ்கட் சாகவேயில்லை.

டெல்மருக்கு இனி நாள் கணக்கில்லை, மணிக்கணக்குதான் என்று நர்ஸ் ஜோலீன் காலையில் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தாள். மூச்சுக்கு நடுவே இடைவெளி கூடும், பயப்பட வேண்டாம், காது கடைசிவரை கேட்கும், பேசிக்கொண்டே இருங்கள், நாலு மணிக்கு வருகிறேன் என்று போனாள். பேசச் சொன்னாளே தவிர என்ன பேசுவது என்று சொல்லவில்லை. அதனால்தான் வெர்னா டிவியைப் போட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அப்பா முதல் டிவி வாங்கியபோது, ஒமாஹா நகரத்திலிருந்து கிளம்பும் படம் அவர்கள் பண்ணைக்கு வந்து சேர்வதற்குள் களைத்துப் போயிருந்தது. முற்றத்து ஆன்டெனாக் கம்பத்தை யாராவது கையால் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் நிமிரும். பத்து வயது டெல்மருக்கு உயரம் இருந்தது, எட்டு வயது வெர்னாவுக்குக் குரல் இருந்தது. வேலை அப்படிப் பிரிந்தது. "இன்னும் கொஞ்சம் கொட்டகைப் பக்கம்... அவ்ளோதான், விடாத!" என்று அவள் ஜன்னல் வழியே கத்துவாள். விட்டால் திரைக்குள் புள்ளி புள்ளியாகப் பனி கொட்டும். விடாவிட்டால் டெல்மர் மேல் கொட்டும்.

கதை முடிந்ததும் காது சிவக்க உள்ளே வருவான், ஒரு காட்சிகூடப் பார்த்திருக்க மாட்டான். டிவியின் முதுகு அடுப்புபோல் சுடும். இரண்டு கையையும் அதில் ஒட்டவைத்துக்கொண்டு, "ம், சொல்லு ஷெரிஃபம்மா" என்பான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரையும் சாகடிக்க வெர்னாவுக்கு மனசு வராது. அதனால் அவள் கதையில் குண்டெல்லாம் தொப்பியில்தான் பட்டது. நாலு வருடத்தில் அந்த ஊரில் ஒரு சாவு விழவில்லை. சவப்பெட்டி செய்கிறவன் எப்படிப் பிழைத்தான் என்று டெல்மரும் கேட்டதில்லை. பள்ளத்தில் விழுந்து காலொடிந்த பிஸ்கட்டை ஷெரிஃப் தன் கையாலேயே சுட்ட அன்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது கேரட் தின்று எழுந்து நடந்ததாகச் சொல்லிவிட்டாள். அதன்பிறகு டெல்மர் வளர்த்த ஐந்து நாய்களுக்கும் பெயர் பிஸ்கட்.

திரையில் குதிரை சறுக்கியது. வெர்னா எழுந்து, கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் நின்று, ஏற்கெனவே மடித்திருந்த போர்வையை மடிக்க ஆரம்பித்தாள்.

"நீ என்ன கண்ணாடியா? தள்ளு."

தள்ளினாள். துப்பாக்கி ஒரே ஒரு தரம் வெடித்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை.

"கேரட்டக் காணமே" என்றான் டெல்மர்.

"அது வந்து..."

"தெரியும். பட்டாளத்துல இருந்தப்ப மறுபடி போட்டான். பாத்துட்டேன்."

"இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலையே நீ."

"நீ சொன்னதுதான் நல்லாருந்துச்சு." மூச்சு வாங்கினான். "இவங்க அநியாயத்துக்கு ஆளக் கொல்றாங்க."

வெர்னா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு பக்கம் திரும்பப் பார்த்தது, இழுத்து நிறுத்தினாள்.

"சத்தத்த அணைச்சுட்டு நீ சொல்லு." கண்ணை மூடிக்கொண்டான். அவன் வலது கை துழாவி, கட்டிலின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அவள் சொன்னாள். பிஸ்கட் முதலில் கேரட்டை மோந்து பார்த்தது. அவசரப்படாமல் தின்றது. எழுந்து உடம்பை உலுக்கிப் பனியை உதறியது. ஷெரிஃப் மேலே ஏறவில்லை, கூடவே நடந்தார். ஊருக்கு வழி நீளம். வெர்னா அதில் ஓர் அடியைக்கூட விடவில்லை. ஓடை, மரப்பாலம், தேவாலயம். சவப்பெட்டிக்காரன் வேலையில்லாமல் கடை வாசலில் நின்று தொப்பியைத் தூக்கினான். டெல்மரின் உதடு லேசாகக் கோணியது. அவனுடைய ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே குதிரை வரவர அதிக தூரம் நடந்தது.

லாயத்துக் கதவு வந்தது. கம்பியைப் பிடித்த விரல்கள் இன்னும் வெளுத்தே இருந்தன.

வெர்னா அவன் காதருகே குனிந்தாள்.

"படம் நல்லாத் தெரியுது டெல்மர். முடிஞ்சிருச்சு. விட்டுட்டு உள்ள வா."

கொஞ்ச நேரம் கழித்து விரல்கள் தளர்ந்தன. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். திரையில் பெயர்கள் ஓடி முடிந்து, யாரோ சத்தமில்லாமல் டிராக்டர் விற்றார்கள்.

அவன் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. எழுந்துபோய் டிவியின் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தட்டு கனம்கூட இல்லை, சூடும் இல்லை. இந்தக் காலத்து டிவிக்கு முதுகே கிடையாது.

திரும்பி வந்து உட்கார்ந்து, அவனுடைய இரண்டு கைகளையும் தன் ஸ்வெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். ஜோலீன் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.