லைல் திரும்பவில்லை

இப்போதெல்லாம் செத்தவனைப் பார்க்கவும் டிக்கெட் விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது. வாங்கினவனாவது கண்ணால் பார்க்கிறானா என்றால் அதுவும் இல்லை, போனைத் தூக்கிப் பிடித்து அதற்குக் காட்டுகிறான். டொலீடோ அரங்கின் மேடை ஓரத்தில் நின்று இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார் வெர்ஜில். 'ரஸ்ட் ஹார்பர்' இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தவர். அந்தக் குழுவில் இன்று மிச்சம் இவர் ஒருவர்தான்.

"அங்கிள், மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வையுங்க. பல் பிடுங்க வந்தவர் மாதிரி நிக்கிறீங்க," என்றாள் ரோண்டா. பாடகன் லைலின் மகள். தகப்பன் போனபோது தொட்டிலில் கிடந்தவள்.

"பல் பிடுங்கறவனாவது உசிரோட இருப்பான். நான் வெறும் வெளிச்சத்தோடதானே வாசிக்கப்போறேன்."

"எங்கப்பாவோட வாசிக்கப்போறீங்க. பழைய படமெல்லாம் தேடி, அவர் அசைஞ்சது ஆடினது அத்தனையும் எடுத்து, மேடையில வெளிச்ச உருவமா நிக்க வெச்சிருக்காங்க."

"திரும்புவானா?"

"திரும்புவார் அங்கிள். எத்தனை தடவைதான் கேப்பீங்க!"

அவர் வந்ததே அதற்குத்தான். ரஸ்ட் ஹார்பர் எந்தப் பாட்டையும் கணக்குப் போட்டு முடித்ததில்லை. கூட்டம் கொதித்தால் பாட்டு நீளும், ஆறினால் சுருங்கும். போதும் என்று தோன்றும்போது லைல் மைக்கை விட்டுத் திரும்பி வெர்ஜிலை ஒரு பார்வை பார்ப்பான். அடுத்த அடியில் எல்லாரும் நிறுத்துவார்கள்.

ஒரே ஒரு முறைதான் அவன் திரும்பவில்லை. எழுபத்தாறாம் வருஷம், டுலூத் ஊரில். ஊர் திரும்பக் குட்டி விமானம் ஒன்றைப் பேசியிருந்தார்கள். "அந்தத் தகர டப்பால நான் ஏறமாட்டேன், வேன்லயே வரேன்" என்றார் வெர்ஜில். "பயந்தாங்கொள்ளி! அப்ப இனிமே வேன்கூடவே வாசி!" என்று கத்தினான் லைல். அன்று கடைசிப் பாட்டு முழுக்க முதுகைக் காட்டியே நின்றான். பாட்டு ஆளுக்கொரு இடத்தில் அறுந்தது. மறுநாள் லைலும் மற்றவர்களும் ஏறிய விமானம் சோளக்காட்டில் விழுந்தது. சாலையோரக் கடையில் வெர்ஜில் முட்டை தின்றுகொண்டிருந்தபோது, ஒருவரும் பிழைக்கவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்கப்புறம் அவர் முட்டையைத் தொட்டதில்லை.

தாளம் தப்பாமல் இருக்க அவர் காதில் பொத்தான் மாதிரி எதையோ சொருகிவிட்டார்கள். டிக் டிக் என்றது. பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லைல் முன்னால் நிற்கும்போது கடிகாரம் எதற்கு?

விளக்கு அணைந்தது. வந்தான். முழங்கையில் கிழிந்த அதே தோல் சட்டை. பாடும்போது இடது குதிகாலைத் தூக்கும் அதே பழக்கம். நம்பக்கூடாது என்றுதான் வந்திருந்தார்; ஆனாலும் கை தானாக அடிக்க ஆரம்பித்தது.

பாட்டு முடியும் இடம் வந்தது. வெர்ஜில் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு அடித்தார். திரும்புடா. குரல் நின்றது. கிடார் நின்றது. உருவம் கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கியது. இவர் அடித்துக்கொண்டே இருந்தார். அது கரைந்து போனது. வெற்று மேடையைப் பார்த்தும் அடித்தார். ஏதோ சிறப்பு நிகழ்ச்சி என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. மணிக்கட்டு விட்டுப்போன பிறகுதான் குச்சிகளைக் கீழே வைத்தார்.

அந்த வெளிச்ச உருவத்தைச் செய்த தாடிக்காரன் ஓடிவந்தான். "சாரி சார். அவர் திரும்பற மாதிரி ஒரு படத்துண்டுகூடக் கிடைக்கல. அவர் திரும்பினாலே அந்தக் காலத்துக் கேமராக்காரங்க கூட்டத்தக் காட்டப் போயிருக்காங்க."

ரோண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெர்ஜிலின் கையைப் பிடித்தாள். "கடைசி நாளும் அப்பா திரும்பலன்னு நீங்கதானே சொன்னீங்க அங்கிள்? அப்ப இது அவரேதான்."

"அன்னைக்கு அவன் கோவத்துல திரும்பல. அந்த முதுகு பூரா என்னைத் திட்டிக்கிட்டே இருந்துச்சு. இதுக்கு என்மேல கோவங்கூட இல்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"அத மட்டுந்தானே பாத்தேன்."

சட்டைப்பைக்குள் அந்தப் பொத்தான் இன்னும் டிக் டிக் என்றுகொண்டிருந்தது. எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார்.