முதுகுப் பக்கத்துக் கொக்கி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "எதிர்கால எந்திரங்கள்னு ஒரு சிறப்பிதழ் போடறோம். மனுஷன் மேல மாட்டிக்கிற மோட்டார் வச்ச சட்டை இருக்குல்ல, அதை வச்சு ஒரு கதை குடுங்க. ராணுவம், வீரம், அப்படி. படிச்சா நம்பிக்கை வரணும்" என்றார். சரி என்றேன். அப்போது என் மாப்பிள்ளைக்கு (தங்கையின் கணவர், கிடங்கில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்) இரண்டு கையும் நன்றாக இருந்தது.

முதல் தொடக்கம்:

"மலை செங்குத்தாக நின்றது. முதுகில் மலையளவு சுமையோடு வீரன் மானைப்போல் ஏறினான். அவன் இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்கள் உறுமின. உச்சியை எட்டிய வேளையில் அவன்—"

அந்த வேளையில் பாட்டரி தீர்ந்துவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. விவரம் சரியாக இருக்கட்டும் என்று அந்தச் சட்டையைச் செய்த நிறுவனத்தின் பொறியாளரிடம் பேசினேன். நல்ல பெண், ஒளிக்கத் தெரியாதவர். "ராணுவம் திருப்பி அனுப்பிடுச்சு சார்" என்றார். "பாட்டரி இருக்கிற வரைக்கும் சட்டை ஆளைத் தூக்குது, தீர்ந்துட்டா ஆளு சட்டையைத் தூக்கணும், காட்டுக்குள்ள எங்க போய் சார்ஜ் போடறதுன்னு கேட்டாங்க."

நியாயமான கேள்வி. என் வீரனை மலையிலேயே விட்டுவிட்டேன். அவனுக்குத் திரும்பி வர வழி தெரியும்.

2

ராணுவம் கழித்துக் கட்டிய சட்டை கிடங்குக்கு வந்தது. நிறுவனம் அதற்கு 'தோழன்' என்று பெயர் வைத்தது. தொழிலாளியின் முதுகைக் காப்பாற்றத்தான் வாங்கினோம் என்று கிடங்கு முதலாளி கூட்டம் போட்டுச் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

(ஆசிரியருக்கு: இந்த வரியை எடுத்துவிடச் சொல்வீர்கள். எடுக்க மாட்டேன்.)

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எந்திரம் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைப்பீர்கள். சட்டை வேலை செய்தது. மாப்பிள்ளைக்கு இடுப்புத் தட்டு விலகி வருஷக் கணக்காகிறது. சட்டை மாட்டிய முதல் வாரங்களில் வீட்டுக்கு வந்து நேராக உட்கார்ந்து சாப்பிட்டார். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் செவிலிக்கும், தலைக்கு மேல் கை தூக்கி நாளெல்லாம் திருகாணி முடுக்குகிறவருக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். சமதரை, பக்கத்தில் மின்சாரம், பக்கத்தில் ஒரு ஆள். இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல பொருள்தான்.

பக்கத்தில் ஒரு ஆள் என்றேன் இல்லையா, கதை அங்கேதான் இருக்கிறது.

சட்டை வருவதற்கு முன்னால் மூட்டை ஏற்றுவது இரண்டு பேர் வேலை. தரையிலிருந்து லாரிக்குச் சாய்வாகப் பலகை போட்டிருக்கும். ஒருவர் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு ஏறுவார், இன்னொருவர் பின்னால் மூட்டைக்கு அடியில் கை கொடுத்துக்கொண்டே வருவார். பலகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கால் தடுமாறும். நடுவில் மூச்சு வாங்கினால் முன்னால் போகிறவர் "பிடி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் சாய்வார். பின்னவர் தாங்கிக்கொள்வார். அவ்வளவுதான் ஏற்பாடு. மாப்பிள்ளைக்குப் பின்னால் வந்தவரை எல்லோரும் நெட்டை என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் தங்கை தன் புருஷனைப் பார்த்ததைவிட அதிகமாக அந்த முதுகைப் பார்த்தவர் நெட்டை.

தோழன் வந்ததும் முதலாளி கணக்குப் போட்டார். சட்டை போட்டால் ஒரே ஆள் இரண்டு மூட்டை. பிறகு பின்னால் ஒருவன் எதற்கு? நெட்டையை வீட்டுக்கு அனுப்பினார்கள். தோழன் வந்தான், தோழன் போனான்.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும். சூப்பர்வைசருக்கு ஒரு பெரிய மீசையும் தங்கப் பல்லும் வைத்து—

[அடித்துவிட்டேன். அந்த மனிதருக்கு மீசையே இல்லை. சர்க்கரை நோய், கையில் எப்போதும் ஒரு சாப்பாட்டு டப்பா, மேலே யாரோ சொன்னதைக் கீழே சொல்லுகிற வேலை. கோபப்படுவதற்குக்கூட ஒழுங்கான முகம் கிடைக்காத காலம் இது.]

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மத்தியான வெயில். மாப்பிள்ளை இரண்டு மூட்டையோடு பலகையின் உச்சிக்குப் போய்விட்டார். சட்டை கீச்சென்று கத்தியது. பாட்டரி முடியப் போகிறது என்று அர்த்தம். கத்தினால் அப்படியே குந்தி மூட்டையை இறக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவர் குந்தவில்லை. உடம்பில் ஊறிப்போனதைத்தான் செய்தார்.

"பிடி" என்றார். பின்னால் சாய்ந்தார்.

பின்னால் யாரும் இல்லை.

ஆள் விழுகிறான் என்று நினைத்த சட்டை எல்லா மூட்டுகளையும் இறுக்கிப் பூட்டிக்கொண்டது. லாரியின் திறந்த கதவில் மோதி, இடது கை கதவுக்கும் சட்டையின் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, சாய்ந்த நிலையில் அப்படியே நின்றார். லாரி டிரைவர் ஓடி வந்தார். எங்கே தொட்டால் கழலும் என்று அவருக்குத் தெரியவில்லை. 'பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடவும்' என்று முதுகில் ஒட்டியிருந்தது. பயிற்சி பெற்ற சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை டிரைவர் ஒரு கையால் மூட்டையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் மாப்பிள்ளை வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்.

பயிற்சி பெற்றவர் இன்னொருவரும் இருந்தார், நெட்டை. பூட்டிக்கொண்டால் எப்படிக் கழற்றுவது என்று அவருக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்த அடுத்த வாரம் அனுப்பிவிட்டார்கள்.

பொறியாளரை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை என் குரல் நன்றாக இல்லை.

"கழட்டற கொக்கியை ஏம்மா முதுகுல வச்சீங்க? போட்டிருக்கிறவன் கைக்கு எட்டலையே."

"படைக்குன்னு பண்ணது சார். படையில யாரும் தனியா போக மாட்டாங்க, பின்னாடி வர்றவர் இழுப்பாரு. முன்னாடி வச்சா கைகலப்புல எதிரி இழுத்துடுவான்."

"கிடங்குல எதிரி யாரும்மா?"

"முன்னாடி மாத்தலாம்னு எழுதிக் குடுத்தேன் சார், அடுத்த மாடல்ல பார்க்கலாம்னுட்டாங்க" என்றார். அழுகிறாரோ என்று தோன்றியது. என் கோபத்துக்கு இவரும் கிடைக்கவில்லை.

நிறுவனத்தின் முடிவு: எந்திரத்தில் குறை இல்லை, பயன்படுத்தியவர் காரணமின்றிப் பின்னால் சாய்ந்தார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது. காரணமின்றியாம்! இருபது வருஷமாக ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து பிழைத்ததைக் காரணமே இல்லை என்று எழுத எந்தக் கைக்கு மனம் வந்தது?

4

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தார். இடது கை விரல்கள் மடங்குகின்றன, ஆனால் எதையும் பற்றவில்லை. தங்கை அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நெட்டையும் இருந்தார். தினமும் வருகிறாராம். உட்காரச் சொன்னால் உட்காராமல் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"இந்தக் கையோடயா?"

"தூக்கறது சட்டைதானே, கை எதுக்குன்னு கேக்கறாங்க."

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டோம்ணா" என்றாள் தங்கை. "வேணாம்னு சொல்லுண்ணா. நீ சொன்னா கேப்பாரு."

"வேணாம்னா? சட்டை இல்லாம இந்த இடுப்பை வச்சுக்கிட்டு நான் ஒரு மூட்டைகூடத் தூக்க முடியாது, தெரியும்ல?"

"அப்ப இவரையும் கூப்பிடச் சொல்லுங்க" என்று நெட்டையைக் காட்டினேன்.

"சூப்பர்வைசர்கிட்ட கேட்டேனே. பின்னாடி ஒரு ஆளு வேணும் சார்னு கேட்டேன். ஆளு வேணும்னா சட்டை எதுக்குன்னாரு. சரி, சட்டை வேணாம்னேன். அப்ப நீ எதுக்குன்னாரு."

நெட்டை வாய் திறந்தது ஒரே முறை. "அது கத்துனா குந்துடா. பிடின்னு சொல்லாத. நான் இல்ல, ஞாபகம் வச்சுக்க" என்றார்.

"வாயில தானா வருதுடா" என்றார் மாப்பிள்ளை.

5

ஆசிரியர் முடிவு கேட்கிறார். கையில் மூன்று இருக்கின்றன.

முடிவு ஒன்று: மாப்பிள்ளை போகவில்லை. வேறொருவருக்கு அந்தச் சட்டையை மாட்டுகிறார்கள். அவருக்கும் ஒரு தங்கையோ மனைவியோ இருப்பாள், அந்தக் கதையை எழுத அவள் அண்ணன் எழுத்தாளனாக இருக்க மாட்டான்.

முடிவு இரண்டு: போகிறார், ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. ஆகாத ஒவ்வொரு நாளையும் காட்டி எல்லாக் கிடங்கிலும் நெட்டைகளை அனுப்பிவிடுகிறார்கள். இதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

முடிவு மூன்று: முதலாளி மனம் திருந்தி நெட்டையைக் கூப்பிடுகிறார். இருவரும் பலகையில் சிரித்துக்கொண்டே—

மன்னிக்க வேண்டும். இதை எழுத என் கை கூசுகிறது. நம்பிக்கை வர வேண்டும் என்றால் அதை முதலாளியிடம் போய்க் கேளுங்கள் ஆசிரியரே, கதைக்காரனிடம் கேட்காதீர்கள்.

6

இன்று ஞாயிறு. நாளை அவர் போவார். எனக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும்.

நான் முடிவு எழுதப் போவதில்லை. ஆசிரியர் இதைப் போடுவாரோ, கிழித்துப் போடுவாரோ. போட்டால் நீங்கள் படிப்பீர்கள். அப்போது உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் முதல் வரியிலிருந்து இந்த மனிதருக்கு முன்னால் நடந்து வந்துவிட்டேன், என் கை அவர் முதுகுக்கு எட்டாது. நீங்கள் வரிக்கு வரி அவருக்குப் பின்னாலேயே வந்திருக்கிறீர்கள்.

கொக்கி சிவப்பாக இருக்கும். இடது தோள்பட்டைக்குக் கீழே. ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள், கீழ்நோக்கிப் பலமாக இழுங்கள். அதற்கு முன்னால் மூட்டைக்கு அடியில் ஒரு கை கொடுங்கள்.

அவர் திரும்பிப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்க மாட்டார். பலகையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "பிடி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாய்வார்.