மாலை கட்டிய வண்டி

வாசலில் வந்து நின்ற வெள்ளை வண்டிக்குப் பாலு சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தான். ஒரு நுனியை மேல்கம்பியில் முடிந்துவிட்டு, இன்னொரு நுனியை மாட்ட இடம் கிடைக்காமல் பல்லில் கடித்தபடி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கூடத்தில், தட்சிணாமூர்த்தி கிடந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஹேமாவதி அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முதலில் எதுவும் உறைக்கவில்லை. கணவன் போய் ஒரு நாள் முழுதாக ஆகிவிட்டது. நேற்றிலிருந்தே அவளுக்கு எதுவும் சட்டென்று உறைப்பதில்லை. பிறகுதான் வண்டியின் வளைந்த முதுகு கண்ணில் பட்டது. மூன்று மாதமாக அவர் செல்போனில் காட்டிக் காட்டி அவள் பார்த்துச் சலித்த அதே முதுகு.

"ஐயோ, அதுக்குப் போய் மாலை போடறாங்களே!" என்று எழுந்தாள்.

துக்கம் பொங்கி வருகிறது என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தார்கள். மகள் தீபலட்சுமி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, பெண்கள் தோளை விட்டுவிட்டார்கள்.

பாலுவைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரன், நல்ல பிள்ளை, சாவு வீட்டில் சொல்லாமலே பத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிறவன். அவர்கள் வீடு இருந்த மனைப்பிரிவு அகரம்தென் தாண்டி ஏரிக்கரை ஓரத்தில் இருந்தது. நாற்பது மனை, ஐந்தே வீடு. தார் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் மண் பாதை, கார்த்திகை மழையில் களியாகக் குழைந்து கிடந்தது. சவ வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு வழி காட்டத்தான் பாலு பன்னிரண்டு மணியிலிருந்து தார் ரோட்டில் நின்றான். ஒரு பிக்கப் வந்தது. அதன் பின்னால் வெள்ளையாக, மூடியதாக, பின்பக்கம் கதவு வைத்ததாக ஒரு வண்டி. கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு மெத்தை. வேறு என்னவென்று நினைப்பான்? பிக்கப் சேற்றில் இறங்காது என்றதும், பின்வண்டியை மட்டும் கழற்றி, ஆறு பேரைக் கூட்டிவந்து கையாலேயே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

வண்டியைக் கொண்டு வந்த சவுரிமுத்துவும் பேசாமல் கூடவே நடந்து வந்தார். திருச்சியில் அந்த வண்டியைச் செய்த பட்டறையின் ஆள். வழியெல்லாம் தட்சிணாமூர்த்தி சாருக்குப் போன் போட்டிருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தேநீர் குடித்துக்கொண்டு கும்பல் கும்பலாக ஆண்கள். உள்ளே அழுகை ஓய்ந்திருந்த நேரம். புது வண்டிக்கு மாலை கட்டுவதும் கற்பூரம் கொளுத்துவதும் அவர் நாள்தோறும் பார்ப்பதுதான். ஊரையே கூட்டிவைத்து வண்டியை வரவேற்கிற மனிதரை அவர் இப்போதுதான் பார்க்கிறார். அந்தச் சந்தோஷம் வாயெல்லாம் தெரிய, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ரெண்டு நாள் முன்னாடியே கொண்டாந்துட்டேன் பாருங்க. சார் எங்க? சாவிய அவர் கையில குடுத்தாத்தான் எனக்குத் திருப்தி."

படியில் வந்து நின்ற ஹேமாவதியின் கோலத்தையும், அவளுக்குப் பின்னால் கதவு வழியே தெரிந்த ஐஸ் பெட்டியையும் சவுரிமுத்து ஒருங்கே பார்த்தார். கையிலிருந்த சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டார். மறுபடி எடுத்தார். "அம்மா, எனக்குத் தெரியாதும்மா," என்றார். பாலு மாலை நுனியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டான்.

தட்சிணாமூர்த்தி முப்பத்தோரு வருடம் மின்சார ரயில் ஓட்டியவர். கடற்கரையிலிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து கடற்கரை. எப்போதாவது செங்கல்பட்டு வரை போனால் அதுவே பெரிய பயணம். ஓய்வு பெற்ற மனிதர் கோயில் குளம் என்று இருப்பார் என்று ஹேமாவதி நினைத்தாள். அவரோ காருக்குப் பின்னால் கொக்கி வைத்து இழுத்துப் போகிற வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். உள்ளே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. கிடைத்த இடத்தில் நிறுத்தி, சோறாக்கித் தின்று, அங்கேயே தூங்கலாம். "வெள்ளைக்காரன் இந்த வடிவத்துக்குக் கண்ணீர்த்துளின்னு பேர் வெச்சிருக்கான் ஹேமா," என்று ஒரு நாள் சொன்னார்.

"பேரே வெளங்கல. எனக்கு என் வீடு போதும். நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் வரமாட்டேன்."

அதைச் சும்மா சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கும் மேலாக, வண்டிப் பேச்சு எடுத்த போதெல்லாம் சொன்னாள். பிறகு அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

மனசு மாறியது பத்து நாள் முன்னால். மாடியில் துணி உலர்த்தப் போனவள், கீழே அவர் தனியாக டேப்பை வைத்து வண்டி நிறுத்த இடம் அளப்பதைப் பார்த்தாள். டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்க ஆள் இல்லாமல், செங்கல்லை வைத்து அமுக்கிவிட்டு மறுநுனிக்கு நடந்தார். பாதி தூரத்தில் செங்கல் நழுவி டேப் சுருண்டது. திரும்பி வந்தார், மறுபடி வைத்தார். கூப்பிட்டிருந்தால் அவள் போய்ப் பிடித்திருப்பாள். அவர் கூப்பிடவில்லை. அன்று மாலையே அவள் கேம்ப் ரோட்டுக்குப் போய், வாழ்நாளில் முதல் முறையாகத் தனக்கு இரண்டு சுடிதார் தைக்கக் கொடுத்தாள். தைத்து வாங்கி, பழைய புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். வண்டி வருகிற அன்று அதைப் போட்டுக்கொண்டு கேட்டில் போய் நிற்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக வாயைக் கட்டிக்கொண்டு பத்து நாள் இருந்தாள். நேற்றுக் காலை காப்பி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நானும் வருகிறேன் என்ற இரண்டு சொல்லை அவள் பத்து நாளாகச் சேமித்து வைத்தாள். இனி யாரிடம் கொடுப்பது?

இரண்டரை மணிக்கு உண்மையான சவ வண்டி தார் ரோட்டுக்கு வந்தது. அதன் ஓட்டுநர் இறங்கிச் சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. தட்சிணாமூர்த்தியின் அண்ணன் வேதாசலம், ராஜகீழ்ப்பாக்கத்தில் நாலு கடைக்குச் சொந்தக்காரர், முடிவெடுத்தே பழகியவர். வெள்ளை வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இத்த வெச்சுகினு இன்னாத்துக்கு முழிக்கிறீங்க? தம்பிய இதுலயே படுக்க வெச்சு ரோட்டு வண்டி வரிக்கும் தள்ளிகினு போய்டலாம். அவன் ஆசப்பட்டு வாங்குனதுதானே? ஒரு தபா ஏறுன மாதிரியும் இருக்கும்."

இரண்டு பேர் தலையாட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

"வேணாம் மாமா," என்றாள் ஹேமாவதி. படியிறங்கி வெறுங்காலோடு சேற்றில் நின்றாள். "இது போயிட்டுத் திரும்பி வர்ற வண்டி. இதுல அவர் அங்க போகக்கூடாது."

"நீ உள்ள போ ஹேமா. ஆம்பளைங்க பேசிக்கிறோம்."

"இதுல ரெண்டு பேர் படுக்கணும். அப்படித்தான் சொல்லி வெச்சார். திறந்து பாருங்க."

இதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சவுரிமுத்து தயங்கித் தயங்கிக் கதவைத் திறந்தார். புது மரமும் பிசினும் கலந்த வாசனை வந்தது. உள்ளே இடது பக்கம் இரண்டேகால் அடி அகலத்தில் ஒரு மெத்தை. வலது பக்கம் முழுக்க, தலையிலிருந்து கால் வரை, தட்டுத் தட்டாக அலமாரி.

ஹேமாவதி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.

"படத்துல ரெண்டு பேருக்கு இருந்துச்சே."

"ஆமாம்மா. அப்படித்தான் செஞ்சு முடிச்சிருந்தோம்." சவுரிமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. "மூணு வாரம் முன்னாடி சார்தான் போன் பண்ணினார். வீட்டம்மா வரலைங்கறாங்க, ஒரு ஆளுக்கு மாத்திடுங்கன்னார். ஏன் சார், இடம் இருந்தா இருக்கட்டுமேன்னு நான் சொன்னேன். இல்ல முத்து, பக்கத்துல காலியா இருந்தா எனக்குத் தூக்கம் வராதுன்னார்."

சாமியானாவின் கீழ் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. ஹேமாவதி அந்த ஒற்றை மெத்தையைப் பார்த்தாள். அவர் அவள் பேச்சை நம்பிவிட்டிருக்கிறார். முப்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் அவள் சொன்ன எத்தனையோ வேண்டாம்களை வேண்டும் என்று எடுத்துக்கொண்ட மனிதர், இந்த ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"பாத்தியா," என்றார் வேதாசலம். அவர் கெட்டவர் இல்லை. தம்பிக்காக விடிய விடிய அழுதவர். "அவனுக்குன்னே அளவெடுத்த மாதிரி கீது."

ஹேமாவதி வண்டியின் கிட்டே போனாள். மேல்கம்பியில் தொங்கிய மாலையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். பாலு இறுக்கி முடிந்திருந்தான், நகம் பிய்ந்தது. தீபலட்சுமி வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். தாயும் மகளும் அதை அவிழ்த்து முடிக்கும் வரை ஒருவரும் கிட்டே வரவில்லை. முடிந்ததும் மாலையை வேதாசலத்தின் கையில் கொடுத்தாள்.

"பாடையில கட்டுங்க மாமா. தோள்ல தூக்கிட்டுப் போங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மூங்கில் கொண்டுவரச் சொன்னார்.

மூன்றரைக்கு எடுத்தார்கள். வேதாசலத்தின் மகன் உதயா நெருப்புச் சட்டியோடு முன்னால் போனான். பொரியும் பூவும் சேற்றில் விழுந்து ஒட்டிக்கொண்டே போயின. பெண்கள் தெருமுனை வரைதான். அங்கே வேதாசலத்தின் மனைவி கங்கம்மா கையைக் குறுக்கே நீட்டி எல்லாரையும் நிறுத்தினாள். ஹேமாவதி முனையில் நின்று, சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறி இறங்கிப் போன பாடையைப் பார்த்தாள். வளைவில் புதர் மறைத்தது. பிறகு கங்கம்மா அவளைத் தோளோடு சேர்த்துத் திருப்பி அழைத்து வந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைமாட்டு இடத்தில் விளக்கேற்றினார்கள். கிணற்றடியில் உட்கார வைத்து அவள் தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். ஈரத்தோடு அவள் வாசலுக்கு வந்தபோது சவுரிமுத்து சாமியானா ஓரத்தில் பட்டினியாக உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

"பெரியவர் சொல்லிட்டுப் போனார்மா. கருமாதி முடியிற வரைக்கும் வீட்டுக்குள்ள புதுப் பொருள் எதுவும் வரக்கூடாதாம், திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டார். அதுவும் சரிதான்மா. நான் முதலாளிகிட்ட பேசிக்கிறேன்."

"அந்த அலமாரிய எடுக்க முடியுமா?"

"என்னம்மா?"

"பழையபடி மாத்தறதுக்கு எத்தன நாள் ஆகும்?"

சவுரிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டார். "நாலஞ்சு நாள்ல பண்ணிடலாம். ஆனா..."

"கருமாதி கழிச்சுக் கொண்டாங்க," என்றாள். "ரெண்டு பேருக்கு."

"அம்மா, எதுக்கும்மா இப்ப?" என்று தீபலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். ஹேமாவதி மகளின் கையை ஒரு முறை அழுத்திவிட்டு விட்டாள்.

வண்டியைத் தார் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டில். சவுரிமுத்து தனியாக முட்டுக்கொடுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. ஹேமாவதி ஈரப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போய்க் கை வைத்தாள். தீபலட்சுமி வந்தாள். பாலுவின் அம்மா வந்தாள், இன்னும் மூன்று நான்கு பெண்கள் வந்தார்கள். வண்டி ஒரு முறை முனகிவிட்டு நகர்ந்தது.

தெருமுனை வந்தது. கங்கம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஹேமா, அத்தோட நின்னுடுடி. இதுக்கு மேல நீ வரக்கூடாது."

"நிறுத்தினா வண்டி சேத்துல பதிஞ்சிடும் அக்கா," என்றாள் ஹேமாவதி, தலையைத் தூக்காமல்.

கங்கம்மா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவளும் ஒரு ஓரத்தில் கை வைத்தாள். பாதையெல்லாம் பொரியும் சாமந்தியும் கிடந்தன. சக்கரம் அவற்றை ஒட்டி எடுத்துக்கொண்டு மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனது.