அலசாத கம்பளி

சனிக்கிழமை திறப்பு விழா. வியாழக்கிழமை விடிந்ததும் கனிஷாய் அடுப்பறையை ஒட்டிய சின்ன அறைக்குப் போய், மிச்சம் கிடந்த கம்பளி மூட்டையை அவிழ்த்தாள். கண்காட்சிக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய கம்பளிச் சித்திரத்தில் ஒரு மூலை பிரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு பிடி சாம்பல் நிறக் கம்பளி வேண்டும். கையை உள்ளே விட்டாள். கம்பளி பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஜன்னலோரம் போய் உள்ளங்கையை விரித்தபோது, அந்தப் பொடிக்குள் அரிசி நொய்யளவில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது.

அந்துப்பூச்சியின் புழு.

செப்டம்பரில் அத்-பாஷிச் சந்தையிலிருந்து வாங்கி வந்த கம்பளி அது. ஆறு உறையும் காட்சியைத்தான் அவள் மூன்று மீட்டர் நீளத்துக்குச் செய்திருந்தாள். வெந்நீரும் சோப்பும் ஊற்றி, உருட்டி, மிதித்துக் கெட்டியாக்கிய கம்பளியில் பூச்சிமுட்டை பிழைக்காது. ஆனால் ஆற்றின் நுரைக்காக மட்டும் இந்த மூட்டையிலிருந்து சுருள் சுருளாக எடுத்து, அலசாமல் மேலே தைத்திருந்தாள். அலசினால் மினுமினுப்புப் போய்விடும் என்று ஆசை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் செய்த காரியம் அது.

சித்திரம் டிசம்பர் முதல் வாரமே கூடத்தில் ஏறிவிட்டது. ஆறு வாரம். புத்தாண்டு விடுமுறை முழுக்கக் கூடம் பூட்டிக் கிடந்தது, ஆனால் வெந்நீர்க் குழாய்கள் கதகதவென்று ஓடிக்கொண்டே இருந்தன. பதினோரு பெண்களின் வேலை அங்கே ஒன்றையொன்று உரசிக்கொண்டு தொங்குகிறது. அவளுடையதற்கு இடப்பக்கம் தோழி உமுத் செய்த கோட்டுகள். வலப்பக்கம் கொச்கோர் ஊர் ஷெய்ஷெனாலி என்ற பெரியவரிடம் கெஞ்சி இரவல் வாங்கி வந்த நூறு வருஷத்து ஷிர்தாக் என்ற கம்பளி விரிப்பு.

வகுப்புக்கு ஆள் சொல்லிவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். யாரும் பார்க்காத நேரத்தில் தன் சித்திரத்தின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். நுரை தைத்த இடத்தில் மெல்லிய நூலாம்படை. அதற்குள் இரண்டு புழுக்கள். நசுக்கினாள். நகத்தால் சுரண்டினாள். இன்னும் மூன்று.

"என்னடி, பேன் பாக்குறியா?"

தூக்கிவாரிப் போட்டது. பின்னால் உமுத் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தையல் விட்டிருச்சு. அதான்."

"உன் மூஞ்சிய பாத்தா தையல் விட்ட மாதிரி இல்லையே, உயிரே விட்ட மாதிரில்ல இருக்கு. டீ குடிக்கிறியா?"

கனிஷாய் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் உமுத்தின் சிவப்புச் சாயம் கசிந்து பக்கத்து விரிப்பில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஊரில் அவள் பெயர் சாயக்காரி. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்களோ என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது கண் மட்டும் சிரிக்காது.

கூடத்தை நடத்துகிற சாயிராகான் அக்காவிடம் போய், தையல் விட்டிருக்கிறது, சித்திரத்தை ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டாள்.

"வெளையாடுறியா? நாளன்னிக்கு மாகாணத்துப் பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க. செவுத்துல இருந்து ஒண்ணு எறங்கக் கூடாது. ஊசி நூல எடுத்துட்டு வந்து இங்கயே தை."

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன் ஜிர்காலிடம் சொன்னாள். அவன் ரொட்டியைப் பிட்டபடியே கேட்டான். "யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்க. பதினோரு பேரு கம்பளி தொங்குது. எது எங்கருந்து வந்துச்சுன்னு பூச்சி சொல்லப்போகுதா?"

"பெரியவரோட ஷிர்தாக் பக்கத்துலயே இருக்குங்க."

"அதுலருந்துதான் உனக்கு வந்துச்சோ என்னவோ!"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடலாம் என்று படுத்தாள். கண்ணை மூடினால் இருட்டில் ஆயிரம் வாய்கள் மென்றுகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் கூடினார்கள். யார் எங்கே நிற்பது, யார் ரொட்டி நீட்டி வரவேற்பது என்று சாயிராகான் அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் முகத்துக்கு நேராகப் பொன்னிறத்தில் சின்னதாக ஒன்று படபடத்துப் போனது. பேச்சை நிறுத்தாமலே இரண்டு கையாலும் அடித்தார். கையை விரித்தார். உள்ளங்கையில் தங்கப்பொடி.

கம்பளியோடு வாழ்கிற பெண்கள். அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாரோடது?" என்றார் அக்கா.

கனிஷாய் தன் சித்திரத்தின் பக்கம் பார்க்காமல் நின்றாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லிவைக்காமலே, எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

"சாயக்காரி, நீ பழைய கோட்டெல்லாம் பிரிச்சுத்தான தைக்கிற?" என்றாள் ஒருத்தி.

"நான் வேக வச்சுத்தான் தச்சேன்…" உமுத்தின் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியல. என்னோடதா இருக்குமோ என்னமோ. இருந்தாலும் இருக்கும்."

செய்யாத தப்புக்கு அவள் தலை குனிந்ததைத்தான் கனிஷாயால் தாங்க முடியவில்லை.

"என்னோடது," என்றாள். குரல் யாருடையதோ போல வந்தது. "நுரைக்கு அலசாத கம்பளி வச்சுத் தச்சேன். நேத்தே பாத்துட்டேன். பயந்துக்கிட்டு சொல்லல."

சாயிராகான் அக்கா அவளை அடித்துவிடுவார் போலிருந்தது. அடிக்கவில்லை. நேராகப் போய் ஷிர்தாக்கின் ஓரத்தைப் புரட்டினார். பின்பக்கம், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டைகள்.

"வாத்தியாரம்மா!" என்றார் அக்கா. திட்டியிருந்தால் தேவலை.

ஒருத்தி மருந்தடிக்கலாம் என்றாள். சாயம் வெளுத்துப்போகும் என்றாள் இன்னொருத்தி. திறப்பையே தள்ளிவைக்கலாம் என்றது ஒரு குரல். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உமுத்தான் பேசினாள்.

"வெளிய மைனஸ் இருபத்தெட்டு. நாம நின்னாலே வெறச்சுப் போயிருவோம். புழு மட்டும் போர்வையா போத்திக்கப் போகுது? ஒரு வாரம் வெளிய தொங்கட்டும்."

மதியத்துக்குள் முற்றத்தில் இலையுதிர்ந்த மரங்களுக்கு இடையே கயிறு கட்டி, பதினோரு பேரின் வேலைகளையும் ஷிர்தாக்கையும் தூக்கிப் போட்டார்கள். மறுநாள் பெரிய ஆட்கள் பனியில் நின்று பார்த்தார்கள், காது சிவக்கப் பாராட்டினார்கள், பத்தே நிமிஷத்தில் காருக்குள் ஏறிக்கொண்டார்கள்.

ஷெய்ஷெனாலி பெரியவர் மட்டும் போகவில்லை. தன் விரிப்பு ஏன் வெளியே தொங்குகிறது என்று கேட்டு வந்தார். சாயிராகான் அக்கா கனிஷாயைக் கண்ணால் முன்னே தள்ளினார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருடைய தாடியில் மூச்சு உறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "தைக்க முடியுமா?"

"முடியும், ஐயா."

"அப்ப ஒரு வாரம் கழிச்சு என் பையன் வந்து எடுத்துட்டுப் போவான். நீ என் வீட்டுக்கு வந்து தை. இது இனிமே என் வாசலத் தாண்டாது." நீட்டிய தேநீரைத் தொடாமல் திரும்பி நடந்தார்.

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை கனிஷாய் ஊசிகளும், மூன்று முறை வெந்நீரில் அலசிய கம்பளியுமாகக் கொச்கோருக்கு வேன் ஏறினாள். தோலோன் கணவாய் ஏறும்போது, பனியில் பாதை மூடிவிட்டால் திரும்பிப் போய்விடலாமே என்றுகூட நினைத்தாள். மூடவில்லை. நீல நிறக் கதவை அவள் தட்டியபோது பெரியவரின் மருமகள் திறந்தாள். மாவு படிந்த கை. அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். முக்கியமாகக் கோட்டின் கம்பளிக் காலரை.

"நீங்கதான அந்தப் பூச்சி டீச்சர்?"

"ஆமாம்மா."

"கோட்ட அந்த வேலிமேலயே போட்டுட்டு வாங்க. தொப்பியும்தான். உள்ள கொண்டுவராதீங்க."

காற்று கத்தியாக வீசியது. கனிஷாய் பொத்தான்களைக் கழற்றினாள். கோட்டையும் தொப்பியையும் வேலியில் போட்டாள். மருமகள் அதுவரை கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"சீக்கிரம் வாங்க, செத்துராதீங்க," என்றாள் அவள். "டீ போட்டிருக்கேன். மொதல்ல கைய கழுவிட்டு உக்காருங்க."