தொட்டிநீரின் அளவு

இல்லை, இதில் இரக்கம் பார்க்க முடியாது, நாற்பத்தொன்று என்றவளை எப்படி வேலைக்கு எடுப்பது, முலாம் தொட்டியில் இருக்கிற துத்தநாகம் லிட்டருக்கு முப்பத்து நான்கு கிராம், காலையில் தானே பார்த்த அளவு... மேகலா பரிசோதனை அறையின் சன்னலோரம் நின்றாள், கீழே அந்த உத்தனப்பள்ளிப் பெண் லாவண்யா கைப்பையை அணைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். சான்றிதழ் கேட்காத கம்பெனி, ஒரு குவளைத் தொட்டிநீரைக் கொடுத்து அளவைச் சொல் என்பார்கள், சரியாகச் சொன்னால் வேலை, இது ஓசூர் முழுக்கத் தெரிந்த விஷயம். மேகலாவையும் அப்படித்தானே, கம்பெனியைத் தொடங்கிய நாராயணப்பன் ஐயா எடுத்தார்? கண்டியில் வீடு எரிந்தபோது பட்டச் சான்றிதழும் எரிந்தது, கப்பலில் ராமேஸ்வரம் வந்து, ஏதேதோ ஊர் சுற்றி இங்கே வந்து நின்றவளிடம், படித்தேன் என்ற வாய்ச்சொல்லைத் தவிர என்ன இருந்தது... மத்திகிரியில் நாராயணம்மா வாடகைக்கு அறை கொடுத்ததோடு, யார் எவர் என்று கேட்காமல் களி உருண்டையும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தாள், தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள், அந்தச் சூடு இன்னும் வயிற்றில் இருக்கிறது. இன்று அவள் பொறுப்பில் நான்கு யூனிட், அறுநூறு பேர், எல்லாம் அன்று அவள் சரியாகச் சொன்ன ஒரு எண்ணிலிருந்து முளைத்தவை, இந்த மண்ணுக்கு எத்தனை முறை கும்பிட்டாலும் போதுமா?

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்திருந்த ஐயா, எண்பத்து நான்கு வயது, கற்பூரத் தட்டோடு மெல்ல உள்ளே வந்தார். "ஏம்மா மேகலா, அந்தப் புள்ள ஏன் அழுதுட்டுப் போவுது?" அளவு தப்பு ஐயா, ஏழு கிராம் கூட. "ஓ... நீ வேலைக்கு வந்த அன்னைக்கு அஞ்சு கூடச் சொன்னே." அவள் சிரித்தாள், வயதாகிவிட்டது இவருக்கு. "நான் சரியாத்தானே சொன்னேன்?" "எங்கத்த சரி? முப்பத்து நாலுக்கு முப்பத்தொம்பதுன்னே. பசி போல, கை அப்படி நடுங்குச்சு. வாத்தியாரம்மா மாதிரி நிமிந்து வேற நின்னே!" அப்புறம் ஏன் ஐயா... "மூணு தரம் பாத்தே, மூணும் வேற வேற. அழிச்சு ஒண்ணாக்காம அப்படியே எழுதி வெச்சே. இங்க எல்லாவனும் ஒரு தரம் பாத்துட்டு மூணு தரம் எழுதுவான். நடுக்கம் சோறு தின்னா போயிடும், பொய் போவுமா?" என்றபடி நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

தப்பான எண்ணா... நாற்பது வருடமாக எத்தனை மேடையில் அதைச் சொல்லியிருக்கிறாள், நன்றி கொஞ்சமும் குறையவில்லை, கூடியே இருக்கிறது, ஆனால் அது போய் உட்கார ஒரு இடம் கிடைக்காமல் நெஞ்சுக்குள் அலைந்தது. அவள் ஆளெடுப்புப் பிரிவுக்குப் போன் போட்டாள், "பிரதாப், அந்தப் பொண்ணு பஸ் ஏறிடுச்சான்னு பாருங்க." "எதுக்கு மேடம், அளவு தப்புன்னு நீங்கதானே..." எதுக்கு? லாவண்யா மூன்று முறை பார்த்தாளா, ஒரே முறையா, வேறுவேறாக எழுதினாளா... அவள் நீட்டிய தாளை மேகலா வாங்கவே இல்லை, எண்ணை மட்டும் சொல்லும்மா என்றாள், எல்லோரிடமும் அப்படித்தான், இத்தனை வருடத்தில் ஒருவருடைய தாளையும் அவள் பார்த்ததே இல்லை.