ஹவ்ரிலோ நின்ற சரிவு

புல் அறுப்பு நடந்த ஜூலை மாதத்தில் மரம்வெட்டி ஹவ்ரிலோவின் முதுகில் கருப்புப் புள்ளி போட்ட நீல வண்டுகள் வந்து உட்கார்ந்தன, தட்டினாலும் போகவில்லை. கார்பாத்திய மலையில் எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், நீல வண்டு உட்காருவது வெயிலில் நின்றபடி சாகிற, பீச் என்கிற கிழட்டுக் காட்டு மரத்தில் மட்டும்தான். அங்கே முட்டையிடும், புழு மூன்று வருஷம் அந்தக் கட்டைக்குள்ளேயே வளரும். அப்படிப்பட்ட மரங்களில் கடைசியை அந்த வசந்தத்தில் வெட்டிச் சாய்த்தவனே ஹவ்ரிலோதான். பின்னே, பாவம், வண்டு எங்கே போகும்? வண்டுகளைப் பார்த்ததும் அவன் மனைவி பராஸ்கா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள்.

ரஹீவ் டவுனிலிருந்து வந்த டாக்டர் நாடி பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பாதிரியார் புனித நீர் தெளித்தார். வண்டுகள் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தன. நடந்தால் மட்டும் எழுந்து கூடவே பறந்தன, நின்றால் முட்டையிட இடம் தேடின. அதனால் ஹவ்ரிலோ நடந்தான். ஏற்கெனவே காலில் சக்கரம் கட்டியவன். கல்யாணமான மறுவாரமே மரம் வெட்டப் போலந்துக்குக் கிளம்பியவன். வீட்டில் தங்கினால்தானே பிள்ளை குட்டி! இப்போது சோளக்களியை நடந்துகொண்டே தின்றான், நடந்துகொண்டே தூங்கினான். பக்கத்து வீட்டு மிகோலா வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன ஹவ்ரிலோ, இந்த வயசுல உன் பின்னாடி இத்தன பேரு சுத்துறாங்க!" என்றான். பராஸ்கா அவன் மேல் புளித்த பால் குவளையை வீசினாள். சரியாகவே பட்டது.

ஆகஸ்ட் முடிவதற்குள் ஹவ்ரிலோ எலும்பும் தோலுமாகிவிட்டான். பராஸ்கா அவனைச் சரிவில் வழிமறித்தாள்.

"யோவ், நில்லு."

"நின்னா செத்துருவேன்டி."

"நடந்தாலும் சாகத்தான் போற. எங்கயாச்சும் அனாதையா விழுந்து கெடப்ப, நான் ஊர் ஊரா தேடணும். என் கண்ணு முன்னாடி நில்லு. நான் பாத்துக்கிறேன்."

"பயமா இருக்கு பராஸ்கா."

"எனக்கு மட்டும் இல்லியா? கையக் குடு."

தான் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்து நின்றான். வண்டுகள் முட்டையிட்டன. அவன் சாகவில்லை. முதல் பனிக்குள் பாதம் மண்ணுக்குள் இறங்கியது, மார்ச்சில் சட்டை மரப்பட்டையாயிற்று, முகம் மட்டும் கொஞ்ச நாள் தெரிந்தது. பராஸ்கா தினமும் போய் ஊர்க்கதை சொன்னாள், பழைய கோபத்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். புருஷன் ஒருவழியாக ஓரிடத்தில் இருக்கிறான் என்ற சந்தோஷத்தை அவள் மறைக்கவும் இல்லை.

மூன்றாம் வருஷக் கோடையில் அவன் விலாவைத் துளைத்துக்கொண்டு நீல வண்டுகள் வெளியே வந்தன. பராஸ்கா, பிள்ளை பிறந்த வீட்டில் செய்வதுபோல, இனிப்பு ரொட்டி சுட்டு வீடு வீடாகக் கொடுத்தாள். நாங்களும் வாங்கிக்கொண்டு, முறைப்படி, எத்தனை என்று விசாரித்தோம்.

"எங்க எண்ண விடுதுங்க?" என்றாள். "எல்லாம் அப்பன மாதிரி. ஒரு எடத்துல நிக்குதா பாருங்க!"